தோண்டப்பட்ட மலைகள் - 14: வக்காலத்துப் போட்டவர்கள் கூண்டில்

சென்ற அத்தியாயத்தில் சமதா வழக்கைப் பார்த்தோம். ஆந்திரத்தின் போரா குகைகளைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் பிறந்த வழக்கு அது. அட்டவணைப் பகுதி நிலத்தை, அரசே நினைத்தாலும் தனியார் சுரங்க நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட முடியாது என்று 1997 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1996 டிசம்பரில், பெசா சட்டம் வந்திருந்தது. கிராம சபையைக் கலந்து பேசாமல் நிலம் எடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2006-ல் வன உரிமைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை இருந்தது. ஏட்டளவில் ஆதிவாசியின் அரண் பலமாகவே இருந்தது.

ஆனால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து காட்டுக் கிராமத்துக்கு நடந்து போவதில்லை. கோண்டி மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பெண்ணின் பெருவிரல் ரேகை வக்காலத்தில் பதிய வேண்டும். அவள் சொல்வதை யாராவது ஹிந்தியில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் மனுவாக்க வேண்டும். போலி கிராம சபைத் தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். பஸ்தரின் தலைநகரான ஜகதல்பூரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிலாஸ்பூர் உயர் நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது நிற்க வேண்டும். இத்தனையையும் செய்பவர் வழக்கறிஞர்.

நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைத் திருத்துவது பெரிய வேலை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் புரட்டுவது அதைவிடப் பெரிய வேலை. அந்தச் சட்டத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் ஆளை அப்புறப்படுத்துவது மிக எளிது. மத்திய இந்தியாவின் இரும்பு, நிலக்கரி மாவட்டங்களில் அந்த எளிய வழி எப்படிப் பயன்பட்டது என்பதே இந்த அத்தியாயம்.

தொழிலாளர்கள் உருவாக்கிய வழக்கறிஞர்

கதை சிவப்பு மண் நகரமான தல்லி ராஜ்ஹராவில் தொடங்குகிறது. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது கொடுக்கும் சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. 1977-ல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் கண்டார்கள். அதே ஆண்டு ஜூன் 2, 3 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் இறந்தார்கள். அவர்களின் நினைவாகத் தொழிலாளர்கள் சொந்தக் காசிலும் சொந்த உழைப்பிலும் எழுப்பியதுதான் ஷஹீத் மருத்துவமனை. 1983 ஜூன் 3 அன்று அது திறக்கப்பட்டது.

நியோகியை 1991 செப்டம்பர் 28 அதிகாலையில், தூங்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றம் இரண்டு தொழிலதிபர்கள் உள்ளிட்டோருக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம், சுட்ட கூலியாளுக்கு மட்டும் ஆயுள் தண்டனை விதித்தது. ஏவியவர் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் வழியாக விடை கிடைக்கவில்லை. தங்கள் தலைவரின் கொலை வழக்கே இப்படிப் போனதைப் பார்த்த தொழிலாளர்களுக்கு, நீதிமன்றத்துக்குள் தங்களுக்கென்று ஒரு குரல் வேண்டும் என்பது அனுபவப் பாடம்.

அந்தக் குரலாக வந்தவர் சுதா பரத்வாஜ். 1961-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பொருளாதார அறிஞர் கிருஷ்ணா பரத்வாஜின் மகள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணிதம் படித்தார். பிறப்பால் கிடைத்த அமெரிக்கக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1980-களின் நடுவில் தல்லி ராஜ்ஹராவுக்கு வந்து தொழிலாளர் குடியிருப்பிலேயே தங்கினார். குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார், சங்க வேலை பார்த்தார். சங்கத்தின் வழக்குகளுக்கு அமர்த்திய வழக்கறிஞர்கள் கைவிடுவதும் எதிர்த்தரப்போடு சமரசம் ஆவதும் தொழிலாளர்களுக்குப் பழகிப்போயிருந்தது. 'நீங்களே சட்டம் படியுங்கள்' என்று அவர்கள்தான் சுதாவைத் தூண்டினார்கள். ராய்ப்பூரில் படித்து, 2000-ல், நாற்பதை நெருங்கும் வயதில், அவர் வழக்கறிஞரானார். சத்தீஸ்கர் தனி மாநிலமானதும், பிலாஸ்பூரில் அதன் உயர் நீதிமன்றம் அமைந்ததும் அதே ஆண்டில்தான்.

முதலில் ஜாமுல் சிமென்ட் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வழக்கு போன்றவை. பிறகு பிலாஸ்பூரில் 'ஜன்ஹித்' என்ற பெயரில் ஒரு வழக்கறிஞர் குழுவை அமைத்தார். அவர் மேஜைக்கு வந்த கட்டுகள் மெல்ல மாறின. நிலம் எடுப்பு, காட்டு உரிமை, நிலக்கரிச் சுரங்கம், மின் நிலையம், பஸ்தரில் காணாமல் போனவர்கள். கட்சிக்காரரிடம் பெரிய கட்டணம் இல்லை. எதிரே நிற்பது மாநிலத்தின் மிகப் பெரிய நிறுவனங்களும், பல நேரங்களில் மாநில அரசுமே.

2005, ஜூன்

பஸ்தரின் வரலாற்றில் 2005 ஜூன் மாதத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். தெற்குப் பஸ்தரின் பைலாடிலா மலையில் 1968 முதலே என்.எம்.டி.சி. இரும்புத் தாது எடுத்து வந்தது. 2005-ன் நடுவில் டாட்டா ஸ்டீல், எஸ்ஸார் நிறுவனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாநில அரசுடன் உருக்காலைக்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டன. அதே ஜூனில்தான் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்கள் இயக்கம் என்ற பெயரில் சல்வா ஜுடும் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிராமங்கள் காலியாகின. வீடுகள் எரிந்தன. மக்கள் முகாம்களுக்கும் ஆந்திரக் காடுகளுக்கும் சிதறினார்கள். 2011 ஜூலை 5 அன்று, நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில், ஆதிவாசி இளைஞர்களுக்கு ஆயுதம் கொடுத்துச் சிறப்புக் காவலர்களாக்கியது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

மாவோயிஸ்டுகளின் வன்முறையைச் சொல்லாமல் இந்தக் காலத்தை எழுத முடியாது. 2010 ஏப்ரலில் தாட்மேட்லாவில் 76 படையினரைக் கொன்றார்கள். 2013 மே மாதம் ஜீரம் பள்ளத்தாக்கில் காங்கிரஸ் தலைவர்களின் வாகன வரிசையைத் தாக்கினார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் சுற்றுக் கிராமங்களில் கைது நடந்தது. முதல் தகவல் அறிக்கையில் நாலைந்து பெயர்கள், அதன் பின் 'மற்றும் பலர்'. அந்தப் 'பலர்' யாராகவும் இருக்கலாம். காட்டில் இலுப்பைப் பூ பொறுக்கப் போனவரும் அதில் அடங்குவார்.

அப்படிச் சிறைக்குப் போனவருக்கு நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குற்றப்பத்திரிகை ஹிந்தியில். அவர் பேசுவது கோண்டி. நீதிபதி கேட்பது அவருக்குப் புரியாது, அவர் சொல்வது நீதிபதிக்குப் புரியாது. வாய்தா தேதி வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் மனைவி ஒரு நாள் முழுக்க நடந்தும் பேருந்திலும் வந்து, கம்பிக்குப் பின்னால் சில நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்க மாட்டை விற்பார்கள், பிறகு நிலத்தை அடகு வைப்பார்கள். சாட்சிகளான காவலர்கள் இடமாற்றலில் போய்விட, விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கடைசியில் பெரும்பாலும் விடுதலைதான்.

ஜகதல்பூரில் ஒரு வாடகை வீடு

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் நான்கு இளம் பெண் வழக்கறிஞர்கள். ஷாலினி கேரா, ஈஷா கண்டேல்வால், பாரிஜாதா பரத்வாஜ், குனீத் கவுர் ஆகியோர் 2013-ல் ஜகதல்பூர் சட்ட உதவிக் குழுவைத் தொடங்கினார்கள். வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, அதையே அலுவலகமாக்கிக்கொண்டார்கள். வழக்கு நடத்தியதோடு நீதிமன்றப் பதிவேடுகளையும் புரட்டினார்கள். 2005 முதல் 2012 வரை தந்தேவாடா அமர்வு நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளில் சராசரியாக 95 சதவீதத்துக்கும் மேல் விடுதலையில் முடிந்திருந்தன.

அந்த எண்ணின் பொருள் என்ன? தண்டனை தீர்ப்பில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது என்பதுதான். மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் சிறையில் கழித்த ஒருவர் நிரபராதி என்று வெளியே வரும்போது வயல் போயிருக்கும், மாடு போயிருக்கும், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அவர் ஊரில் இல்லாத அந்த ஆண்டுகளில் கிராம சபையும் கூடியதாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இந்தக் கணக்கை வெளியே சொன்ன நாளிலிருந்து அந்த வழக்கறிஞர்கள் வேண்டாதவர்கள் ஆனார்கள்.

முதலில் பெயரைக் கெடுத்தார்கள். நக்சல்களின் வக்கீல்கள் என்ற பேச்சு காவல் துறையிலிருந்து கிளம்பி உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஏறியது. அடுத்து வந்தது சொந்தத் தொழில்காரர்களிடமிருந்து. வெளியூரில் பதிவு செய்த வழக்கறிஞர்கள் இங்கே வழக்காடக் கூடாது என்று 2015 அக்டோபரில் பஸ்தர் வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வழக்காட வழக்கறிஞருக்கு உரிமை தரும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவு 2011-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. போதாததற்கு, நம் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒட்டிய கேள்விக்கு 2010-லேயே பதில் சொல்லியிருந்தது. வழக்கறிஞர் முகமது ரஃபி காவல் துறையினரால் தாக்கப்பட்டபோது, அந்தக் காவலர்களுக்காக யாரும் வாதாடக் கூடாது என்று கோவை வழக்கறிஞர்கள் தீர்மானம் போட்டார்கள். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். எவ்வளவு வெறுக்கப்படும் ஆளாக இருந்தாலும், அவருக்கு வாதாட மாட்டோம் என்று ஒரு சங்கம் முடிவெடுக்க முடியாது என்பதே அதன் சாரம். கோவையில் காவலர்களைக் காத்த அதே கோட்பாடு பஸ்தரில் ஆதிவாசிகளைக் காத்திருக்க வேண்டும். காக்கவில்லை.

கடைசியில் கை வைத்தது வீட்டில். 2016 பிப்ரவரியில் வீட்டு உரிமையாளரை இரவில் காவல் நிலையத்துக்கு அழைத்து, நெடுநேரம் உட்கார வைத்து, இவர்களைக் காலி செய்யச் சொல்லும்படி நெருக்கினார்கள் என்று அந்த வழக்கறிஞர்கள் அப்போதே பகிரங்கமாகச் சொன்னார்கள். அதே நாட்களில் பத்திரிகையாளர் மாலினி சுப்பிரமணியத்தின் வீட்டில் கல் விழுந்தது, அவரும் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. பிப்ரவரி 20 அன்று ஆதிவாசிச் செயற்பாட்டாளர் சோனி சோரியின் முகத்தில் எரிச்சலூட்டும் ஒரு பொருளைப் பூசினார்கள். ஷாலினியும் ஈஷாவும் கோப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு பிலாஸ்பூருக்குப் போனார்கள். எந்தச் சட்டமும் மாறவில்லை. ஒரு வாடகை வீடு காலியானது. அவ்வளவிலேயே பஸ்தரின் விசாரணைக் கைதிகள் பலருக்கும் அவர்களுடைய வழக்கறிஞருக்கும் நடுவே 400 கிலோமீட்டர் வந்துவிட்டது.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர்கள் மறுபடி ஜகதல்பூர் வந்தார்கள். பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்ட 13 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலைத் தோண்டி எடுத்து மறு உடற்கூறாய்வு செய்ய உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. பெற்றோரோடு வழக்கறிஞர்கள் தங்கியிருந்த தர்மசாலைக்குக் காவலர்கள் வந்து விசாரித்தார்கள். பணமதிப்பு நீக்கத்தில் செல்லாமல் போன பழைய நோட்டுகளை மாவோயிஸ்டுகளுக்காக மாற்றிக் கொடுத்தார் என்று ஷாலினி மீது புகார் வந்திருப்பதாகக் காவல் துறை சொன்னது. அதே வாரத்தில் தெலங்கானாவிலிருந்து உண்மை அறியப் புறப்பட்ட ஏழு பேர் கைதாகிச் சுக்மா சிறைக்குப் போனார்கள். அவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் மீதும் பழைய நோட்டுக் குற்றச்சாட்டுதான்.

2017 ஜனவரியில் ஆய்வாளரும் வழக்கறிஞருமான பேலா பாட்டியாவின் முறை. ஜகதல்பூருக்கு அருகே அவர் குடியிருந்த பர்பா கிராமத்துக்கு ஒரு கும்பல் வந்து, 24 மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகாவிட்டால் வீட்டை எரிப்போம் என்றது. அவர் பஸ்தரை விட்டுப் போகவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏப்ரலில் புர்காபாலில் 25 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்டார்கள். சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த 121 ஆதிவாசிகள் மீது, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவில் வழக்கு நடந்தது. ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள், ஒருவர் சிறையிலேயே இறந்தார். 2022 ஜூலையில் தந்தேவாடா நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அவர்களுக்காக வாதாடியவர் பேலா பாட்டியா. அன்று அந்தக் கும்பல் நினைத்தது நடந்திருந்தால், இந்த 121 பேருக்கும் யார் நின்றிருப்பார்கள்?

சூர்ஜாகட்: சிறையில் இருந்தவர் மீது புதிய வழக்கு

பஸ்தரின் மேற்கு எல்லையைத் தாண்டினால் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அங்கே ஏட்டாபள்ளி வட்டத்தில் சூர்ஜாகட் மலை இருக்கிறது. மாடியா கோண்டுகளின் தெய்வமான தாக்குர் தேவ் உறையும் மலை அது, ஜனவரியில் யாத்திரை நடக்கும். மலைக்குள் உயர்தர இரும்புத் தாது. 2007-ல் லாய்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்துக்குக் குத்தகை கிடைத்தது. கிராம சபைகள் தொடர்ந்து எதிர்த்தன. 2016 டிசம்பர் 25 அன்று, தாது ஏற்ற வந்த எழுபதுக்கும் மேற்பட்ட வாகனங்களை மாவோயிஸ்டுகள் எரித்தார்கள்.

சுரேந்திர காட்லிங் நாக்பூரைச் சேர்ந்த தலித் வழக்கறிஞர். ஊபா வழக்குகளில் நுணுக்கமாக வாதாடுபவர் என்று பெயர் பெற்றவர். பேராசிரியர் ஜி.என். சாய்பாபாவின் வழக்கை நடத்தியவர்களில் ஒருவர். கட்சிரோலி ஆதிவாசிகளுக்குக் காசில்லாமல் வழக்காடியவர். 2018 ஜூன் 6 அன்று, பீமா கோரேகாவ் வழக்கு என்று நாடறிந்த வழக்கில், அவரைக் கைது செய்தார்கள். சிறையில் இருந்தபோதே, 2019-ன் தொடக்கத்தில், சூர்ஜாகட் தீவைப்பு வழக்கிலும் சேர்த்தார்கள். மாவோயிஸ்டுகளோடு சேர்ந்து சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு, அவர் அதை மறுக்கிறார். 2020-ல் தாய் இறந்தபோது அவருக்குத் தற்காலிகப் பிணை கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து, முதலாம் ஆண்டு நினைவுச் சடங்குக்காகச் சில நாட்கள் வெளியே வர உயர் நீதிமன்றம் அனுமதித்தது. சூர்ஜாகட் வழக்கில் அவர் கேட்ட பிணையை 2023 ஜனவரி 31 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை மறுத்தது. உச்ச நீதிமன்றத்தில் அந்த மனு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போனது.

மலை காத்திருக்கவில்லை. 2021-லிருந்து சூர்ஜாகட்டில் தோண்டல் வேகம் பிடித்தது. ஆண்டுக்கு 30 லட்சம் டன் என்றிருந்த அனுமதி 2023-ல் 1 கோடி டன்னாக உயர்ந்தது. வழக்குக் கட்டு நீதிமன்ற அலமாரியில் இருந்த காலத்தில் மலை லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

2018 ஆகஸ்ட் 28

அன்று காலை இந்தியாவின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் கதவுகள் தட்டப்பட்டன. சுதா பரத்வாஜ் அப்போது டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர், ஃபரீதாபாதில் குடியிருந்தார். அவரையும் கைது செய்தார்கள். மும்பைப் பகுதியில் கைதான அருண் ஃபெரேரா ஏற்கெனவே சிறை கண்டவர். 2007-ல் கைதாகி, 2012-ல் வெளியே வந்து, ஒவ்வொரு வழக்கிலும் விடுதலையாகி, சட்டம் படித்து வழக்கறிஞரானவர். காட்லிங்கையும் சேர்த்தால், பின்னாளில் 16 பேராக வளர்ந்த குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில் மூன்று பேர் வழக்கறிஞர்கள்.

வரலாற்றாசிரியர் ரோமிலா தாப்பர் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனதால் சில வாரம் வீட்டுக்காவல். அக்டோபர் இறுதியில் சுதா புணே எரவாடா சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். தூக்குத் தண்டனைக் கைதிகளை வைக்கும் பகுதியில், மற்ற பெண் கைதிகளோடு சேராமல் அடைத்தார்கள். கம்பிகளுக்குப் பின்னாலிருந்து அவர் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவர்களைப் பற்றிக் குறித்து வைத்தார். 2023-ல் அது நூலாக வந்தது. 2020-ல் மும்பை பைகுல்லா சிறைக்கு மாற்றிய பிறகு மற்ற பெண்களோடு இருக்க முடிந்தது. கொரோனா காலத்தில் இடைக்காலப் பிணை கேட்டு அந்தப் பெண்களுக்காக மனு எழுதிக் கொடுத்தார். உரிமம் பறிபோகாத வழக்கறிஞர், சிறைக்குள்ளும் வக்காலத்து இல்லாமல் வழக்கு நடத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

2021 டிசம்பர் 1 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்குப் பிணை கொடுத்தது. குற்றப்பத்திரிகைக்கான காலத்தை நீட்டித்த நீதிபதிக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது காரணம். மூன்று ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசம் முடிந்து டிசம்பர் 9-ல் வெளியே வந்தார். அனுமதியில்லாமல் மும்பையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. சத்தீஸ்கர் கிராமங்களைப் பொறுத்தவரை அவர்களுடைய வழக்கறிஞர் இன்னும் திரும்பி வரவில்லை. ஃபெரேராவுக்கு 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது. இதற்குள் விசாரணையே தொடங்கியிருக்கவில்லை.

இந்த வழக்கின் சான்றுகளில் பெரும்பங்கு கணினிகளில் கிடைத்ததாகச் சொல்லப்படும் கடிதங்கள். அமெரிக்காவின் ஆர்சனல் என்ற டிஜிட்டல் தடயவியல் நிறுவனம் குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டதன் பேரில் அவற்றின் நகல்களை ஆராய்ந்தது. காட்லிங்கின் கணினிக்குள் 2016 பிப்ரவரி முதல் சுமார் 20 மாதங்கள் வெளியாள் ஒருவர் ரகசிய மென்பொருள் வழியாகப் புகுந்திருந்தார், காட்லிங் அறியாமலே ஆவணங்களை வைத்திருக்கிறார் என்று 2021 ஜூலையில் அறிக்கை வந்தது. புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. இதற்கு முன்பே, 2019-ல், பெகாசஸ் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டவர்களுக்கு வாட்ஸ்அப் தகவல் அனுப்பியது. ஷாலினி கேரா, பேலா பாட்டியா, காட்லிங்கின் வழக்கை நடத்திய நாக்பூர் வழக்கறிஞர் நிஹால்சிங் ராத்தோட் ஆகியோர் அதில் இருந்தார்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வது மூன்றாம் பேர் காதுக்குப் போகாது என்பதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். காட்டுக்குள்ளிருந்து வந்து சாட்சி சொல்லும் பெண்ணுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு இவர்களுடைய கைபேசியிலேயே உடைக்கப்பட்டது.

திருச்சியிலிருந்து ராஞ்சிக்கு

கூண்டில் ஏறியவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர், வழக்கறிஞர் பட்டம் இல்லாதவர். திருச்சி மாவட்டத்தில் 1937-ல் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, தன் வாழ்வின் பெரும்பகுதியை ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தார். சுரங்கத்தையும் நில எடுப்பையும் எதிர்த்த இளைஞர்கள் மாவோயிஸ்டுகள் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடுவதை ஆய்வு செய்து 2016-ல் வெளியிட்டார். சுமார் 3,000 விசாரணைக் கைதிகளுக்காக ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். குந்தி மாவட்டத்தில் கிராமத்தார் ஐந்தாவது அட்டவணையையும் பெசா சட்டத்தையும் கல்லில் செதுக்கி ஊர் எல்லையில் நட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. அவர் பெயரும் அதில் சேர்ந்தது. 2019 டிசம்பரில் புதிய மாநில அரசு அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தது.

2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகாவ் வழக்கில் 83 வயதில் அவரைக் கைது செய்தார்கள். பார்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாதவர். உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு மனுப் போட்டார். பதில் சொல்லப் புலனாய்வு முகமைக்கு 20 நாள் தேவைப்பட்டது. 2021 ஜூலை 5 அன்று அவருடைய பிணை மனு உயர் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் நீதிபதிகளிடம் தெரிவித்தார். 3,000 பேரின் காத்திருப்பைப் பற்றி எழுதியவர், தானும் காத்திருந்தே இறந்தார்.

சட்டம் நடந்தால் என்ன ஆகும்

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எழலாம்: வழக்கறிஞர்கள் இருந்தால் மட்டும் மலை பிழைத்துவிடுமா? ஒடிசாவின் நியமகிரி பிழைத்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது, 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. பஸ்தரின் லோஹண்டிகுடா மீண்டது. டாட்டா உருக்காலைக்காக 10 கிராமங்களில் எடுத்த நிலம், திட்டம் கைவிடப்பட்ட பிறகு, 2019 பிப்ரவரியில் 1,707 ஆதிவாசி விவசாயிகளுக்குத் திரும்பியது. எடுத்த நிலத்தைப் பயன்படுத்தாவிட்டால் திருப்பிக் கொடுக்க வழி சொல்லும் 2013-ம் ஆண்டுச் சட்டம் அதற்குத் துணை நின்றது. மக்களின் போராட்டமும் சட்டமும் கைகோத்த இடங்களில் மலையும் வயலும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கையைக் கோத்து வைக்கிற வேலைதான் வழக்கறிஞருடையது, அதனால்தான் அடி அவர் மேல் விழுகிறது.

வழக்கறிஞரை அவருடைய கட்சிக்காரரோடும் கட்சிக்காரரின் நோக்கத்தோடும் ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது என்று 1990-ல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு கோட்பாடாக ஏற்றது. நம் அரசியலமைப்பின் 22-வது பிரிவு, கைதானவர் தனக்கு விருப்பமான வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. கொலை செய்தவருக்கு வாதாடும் வழக்கறிஞரை யாரும் கொலைகாரர் என்பதில்லை. சுரங்க முதலாளிக்கு வாதாடுபவரை யாரும் சுரங்க முதலாளி என்பதில்லை. நிலம் இழந்த ஆதிவாசிக்கு வாதாடுபவரை மட்டும் நக்சல் என்று சொல்ல இந்த நாட்டில் இவ்வளவு எளிதாக முடிந்திருக்கிறது. இந்தத் தொடரில் இதுவரை நிலம் பறிபோன கதைகளைப் பார்த்தோம். விருப்பமான வழக்கறிஞர் என்ற உரிமை பறிபோவதும் நிலப்பறிப்பின் ஒரு படிதான். அது நடக்கும் இடத்தில் புல்டோசர் தெரியாது, தூசி எழாது. அதனால்தான் அதை வரலாற்றில் தனி அத்தியாயமாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் சத்தீஸ்கரின் வடக்கே, 1,70,000 ஹெக்டேர் பரந்த ஹஸ்தேவ் காட்டுக்குப் போகிறோம். அங்கே காட்பர்ரா என்ற கிராமத்துக்குக் கொடுத்த சமூக வன உரிமைப் பட்டாவை 2016 ஜனவரியில் அரசே ரத்து செய்தது. நிலக்கரிச் சுரங்கத்தைத் தடுக்க மக்கள் அந்தப் பட்டாவைப் பயன்படுத்தினார்கள் என்பதே அரசு எழுதிய காரணம்.

(தொடரும்)